நகராண்மைக் கழகம் யாருக்குப் பதில் சொல்லும்?

பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒருவர் தோசைக் கடை போட நகராண்மைக் கழகத்திடம் லைசென்ஸ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐசி நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், நிறுவனப் பதிவுப் பத்திரம், உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ், டைஃபாய்டு ஊசி போட்டதற்கான மருத்துவச் சான்று, வீட்டு முகவரி, கைப்பேசி எண் என்று எல்லாம் ஒரே கோப்பில் போய்ச் சேர்கின்றன. கடைக்கு ஆள் வைத்தால் அவர்களுடையதும் சேரும். முன்பு அந்தக் கோப்பு கவுண்டருக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் கிடந்தது. திருட நினைத்தவன் ராத்திரியில் பூட்டை உடைத்து, கட்டுக்கட்டாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இன்று அதே விவரம் கணினியில் ஏறிவிட்டது. வந்தவன் தடம் தெரியாமல் வரலாம், ஊர் முழுவதையும் நகலெடுத்துக்கொண்டு போகலாம், அலமாரி அப்படியே பூட்டிக் கிடக்கும்.

அந்த டைஃபாய்டு சான்றின் நகலை, ஊசி போட்ட தனியார் கிளினிக் கோட்டைவிட்டால் என்ன ஆகும்? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, கிளினிக்கின் கழுத்தைப் பிடிக்கும். உடல்நலம் பற்றிய விவரத்தை அந்தச் சட்டம் கூடுதல் காவலுக்கு உரியதாகத் தனியே பிரித்து வைத்திருக்கிறது. 2024இல் நிறைவேறிய திருத்தங்கள் 2025இல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்துவிட்டன. இப்போது பாதுகாப்பு நெறிகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. கசிவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் விவரத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும்.

அதே நகலை நகராண்மைக் கழகம் கோட்டைவிட்டால்? அபராதம் உண்டா, தெரியாது. உங்களுக்குத் தகவல் சொல்லும் கடமை உண்டா, தெரியாது. புகார் கொடுக்க எந்தக் கதவைத் தட்டுவது, அதுவும் தெரியாது. ஒரே காகிதம், ஒரே ஆள், ஒரே ஊர். கிளினிக்கில் இருந்தால் அதற்குக் காவல் உண்டு, கழகத்தில் இருந்தால் கேள்வி கேட்பார் இல்லை. இந்த அநியாயத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சட்டம் 709இன் 3ஆவது பிரிவு ஒற்றை வரியில் கையைக் கழுவுகிறது: மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. 2024இல் இதே சட்டத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். அபராதத்தை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தினார்கள், கைரேகை, முக அடையாளம் போன்ற உடற்கூற்று விவரங்களைச் சேர்த்தார்கள், தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னார்கள். எல்லாம் மற்றவர்களுக்கு. தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட விலக்கை மட்டும் தொட மனம் வரவில்லை.

இதில் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்கள் எங்கே நிற்கின்றன? அந்தப் பிரிவில் ஊராட்சி மன்றம் என்ற பேச்சே இல்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், சட்டம் 171, ஒவ்வொரு மன்றத்தையும் தன் பெயரில் வழக்குப் போடவும் வழக்கைச் சந்திக்கவும் கூடிய தனி அமைப்பாகத்தான் வைத்திருக்கிறது. அப்படியானால் விலக்கு அவற்றுக்கு இல்லை என்று வாதாடலாம். வாதாடி வென்றாலும் அடுத்த ஓட்டை காத்திருக்கிறது. சட்டம் 709 வணிகப் பரிவர்த்தனைகளில் புழங்கும் விவரங்களுக்குத்தான். வீட்டுக்கு மதிப்பீட்டு வரி கட்டுவதும், வடிகால் அடைப்புக்குப் புகார் கொடுப்பதும், அபராதச் சீட்டுக்குப் பணம் கட்டுவதும் வணிகமா என்று எந்த வழக்கறிஞரும் மடக்குவார். மக்களுக்கு இரண்டு பக்கமும் இடி.

இது வெறும் சட்டப் புத்தகச் சண்டை அல்ல. 2017இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே போனது அம்பலமானது. அன்றைய மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். 2022 மே மாதத்தில், 1940 முதல் 2004 வரை பிறந்த 2 கோடியே 25 லட்சம் மலேசியர்களின் விவரம் தேசியப் பதிவிலாகாவிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லி, 10,000 அமெரிக்க டாலருக்கு ஒருவன் கடை விரித்தான். அது பதிவிலாகாவிலிருந்து போனதல்ல என்று அன்றைய உள்துறை அமைச்சர் ஹம்ஸா ஸைனுடின் மறுத்தார். மறுப்பை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்ய? பூட்டை மாற்றுவது போல ஐசி எண்ணை மாற்றிக்கொள்ள முடியுமா?

கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலி விவகாரம் இன்னும் மோசம். அங்கே ஊடுருவியவன் யார் என்று தேடிப்போகவே தேவையில்லை. 2021 அக்டோபர் 28 முதல் 31 வரை, ‘சூப்பர் அட்மின்’ கணக்கு ஒன்றின் வழியாக 30 லட்சம் தடுப்பூசி பெற்றவர்களின் விவரம் பதிவிறக்கப்பட்டது என்பதைத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைதான் 2023இல் வெளியே கொண்டுவந்தது. 2024 ஜனவரி 2ஆம் தேதி கோலாகலமாகத் திறந்த மத்திய அரசின் ‘பாடு’ தரவுத்தளமோ, திறந்த சூட்டிலேயே சந்தி சிரித்தது. அடுத்தவருடைய ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் பதிவு செய்துவிட முடிகிறது என்று முன்னாள் துணை அமைச்சர் ஒங் கியான் மிங் வெளிப்படையாகச் சொன்னார். ஓட்டையை அடைத்துவிட்டோம் என்றார்கள். அடைத்தது சரி. திறக்கும் முன் அந்த எளிய சோதனையைச் செய்து பார்க்க ஒருவர்கூட இல்லையா?

புத்ராஜெயாவில் பணமும் நிபுணர்களும் குவிந்து கிடக்கும் துறைகளின் லட்சணம் இது. அப்படியிருக்க, வடிகாலையும் குப்பையையும் பார்த்துக்கொள்ளவே ஆள் போதவில்லை என்று சொல்லும் ஊராட்சி மன்றங்கள் வரிக்கு ஒரு தளம், வாகனம் நிறுத்த ஒரு செயலி, லைசென்ஸுக்கு ஒரு பக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. செயலியைச் செய்தது எந்தக் கம்பெனி, நம் விவரம் யாருடைய சர்வரில் கிடக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் அந்தக் கம்பெனி அதை அழிக்குமா அல்லது கையோடு கொண்டுபோகுமா? வரி கட்டுகிறவனுக்கு இதில் ஒன்றையும் யாரும் சொன்னதில்லை.

ஐசி எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அலுவலகங்கள் அதைக் கையாளும் அலட்சியம் அப்படி. நமது 12 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம். பேராக் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 08. கடைசி 4இல் இறுதி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இந்த நிலையில், கடைக்கு இடம் கிடைத்தவர்கள், உதவிக்குத் தகுதி பெற்றவர்கள் என்று பட்டியல் போடும்போது, முன்னால் உள்ள 8 இலக்கத்தை மறைத்துக் கடைசி 4ஐ மட்டும் காட்டிவிட்டு, மறைத்துவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு முகநூலில் கேக் வெட்டிய படம் போட்டிருப்பார் அந்த மனிதர். பிறந்தது தெலுக் இந்தான் பெரிய ஆஸ்பத்திரியில் என்பது ஊருக்கே தெரியும். மறைத்த எட்டும் அங்கேயே கிடைத்துவிடுகிறது, மீதி நான்கைப் பட்டியல் தருகிறது. மறைக்க வேண்டியது கடைசி நான்கைத்தான். இது தெரியாமலா அதிகாரிகள் இருக்கிறார்கள்? தெரிந்தும் செய்தால் அது இன்னும் பெரிய குற்றம்.

சில இடங்களில் மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பெயர், முழு எண், முகவரி மூன்றும் சேர்ந்த பட்டியல் பிடிஎஃப் கோப்பாகப் புலனத்தில் கிளம்பி, கிராமத் தலைவர் குழு, கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என்று ஊரைச் சுற்றி வரும். அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார். உங்கள் பெயர் வந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்கிறார். அவரைக் குறை சொல்லி லாபமில்லை. அந்தப் பட்டியலை அப்படியே வெளியே விட்ட மேசை எது என்பதுதான் கேள்வி.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள், மோசடிக் கும்பலின் தொலைபேசி அழைப்பு ஒன்றை வாங்கிப் பார்க்கட்டும். நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்றால் நம் ஆட்கள் முதலில் நம்புவதில்லை. உங்கள் ஐசி எண் இது, தாமான் பெயர் இது, வீட்டு எண் இது என்று வரிசையாகப் படித்துக் காட்டியதும் கை நடுங்க ஆரம்பிக்கிறது. ஓய்வூதியப் பணமும் மகளின் கல்யாணத்துக்கு வைத்த சேமிப்பும் அரை மணி நேரத்தில் யாரோ ஒருவனின் கழுதைக் கணக்குக்குப் போய்விடுகின்றன. பிறகுதான் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்கிறார்கள். ஏமாறாதீர்கள், விழிப்பாக இருங்கள் என்று மக்களுக்கு ஓயாமல் உபதேசம் செய்யும் அரசாங்கம், அந்த மோசடிக்காரன் கையில் எங்கள் வீட்டு எண் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒருமுறையாவது தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

இந்த வட்டாரத்துக்கு இது இன்னும் ஆழமாகத் தைக்கும். நம்மில் பலருடைய அப்பா, தாத்தா தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட நின்றவர்கள். பிறப்புப் பத்திரம், ஐசி, சம்பளக் கணக்கு எதுவானாலும் ஆபீஸில் கிராணி கையில்தான். கொடு என்றால் கொடுத்துவிடுவதும், திருப்பிக் கேட்கத் தயங்குவதும் அங்கே பழகிய பழக்கம். காகிதம் தொலைந்து, பிறப்புப் பதிவு இல்லாமல், சிவப்பு ஐசியோடு காலத்தை ஓட்டிய குடும்பங்களை ஜெண்டராட்டா பக்கமும் பாகான் டத்தோ பக்கமும் யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. தோட்டத்தில் வடிகாலும் தண்ணீரும் நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்டத்தை விட்டு மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் மதிப்பீட்டு வரி பில் முதல்முறையாக அந்தக் குடும்பங்களின் பெயரில் வந்தது. இன்று அந்த வரியை இணையத்தில் கட்டு என்றால், வயதானவர் என்ன செய்வார்? கைப்பேசிக் கடைப் பையனிடம் ஐசியைக் கொடுக்கிறார். அவன் படமெடுத்து, கணக்குத் திறந்து, கடவுச்சொல்லையும் தானே வைத்துக்கொள்கிறான். பையன் நல்லவனாகவே இருக்கட்டும். ஒரு நகரத்தின் வரிச் சேவை அவன் நல்ல மனதை நம்பி நடக்கக் கூடாது. கவுண்டரைக் குறைத்துவிட்டு எல்லாம் இணையம் என்று அறிவிக்கும் அலுவலகம், படிக்கத் தெரியாத பாட்டி யார் கையில் போய் விழுவார் என்று யோசித்திருக்க வேண்டும்.

வரியைவிடப் புகார்கள் ஆபத்தானவை. ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வடிகாலை மறித்துக் கட்டிவிட்டார், லைசென்ஸ் இல்லாத பட்டறை ராத்திரியெல்லாம் ஓடுகிறது என்று ஊராட்சி மன்றத்துக்கு எழுதுகிறவர் பெயரோடும் எண்ணோடும் எழுதுகிறார். அந்தப் புகார் எத்தனை கைகள் மாறுகிறது, எத்தனை அலுவலர்களின் சொந்தக் கைப்பேசியில் படமாகக் கிடக்கிறது? சின்ன ஊர் இது. புகார் சொன்னவர் யார் என்பது பட்டறைக்காரருக்கு மாலைக்குள் தெரிந்துவிட்டால், மறுமுறை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வெளியே பார்ப்போம். இங்கிலாந்தில் பாசில்டன் என்ற ஊரின் நகர மன்றம், கட்டட அனுமதி தொடர்பான ஆவணங்களை இணையத்தில் ஏற்றியபோது, ஒரு குடும்பத்தின் ஊனமும் மனநலக் குறைபாடும் பற்றிய குறிப்புகளை மறைக்காமல் விட்டுவிட்டது. 2015இல் சில வாரங்கள் அது எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது. தகவல் ஆணையர் 2017இல் அந்த மன்றத்துக்கு 1,50,000 பவுண்டு அபராதம் விதித்தார். அதே ஆண்டு, தெரிந்த ஓட்டையைச் சரிசெய்யாமல் விட்டு மின்னஞ்சல்கள் திருடு போகக் காரணமாக இருந்த குளோஸ்டர் நகர மன்றத்துக்கு 1,00,000 பவுண்டு. அபராதம் கடைசியில் வரிப்பணத்திலிருந்துதானே போகிறது என்று இங்கே ஒருவர் கேட்பார், நியாயமான கேள்வி. இங்கிலாந்திலேயே 2022க்குப் பிறகு பொதுத்துறைக்கு அபராதத்தைக் குறைத்து, பகிரங்கக் கண்டனத்தைப் பெருமளவு நம்புகிறார்கள். நமக்கும் ஊராட்சி மன்றத்தின் பணப்பெட்டி முக்கியமல்ல. நடந்ததை மூடி மறைக்க முடியாத நிலை வேண்டும், தவறிய அதிகாரி பெயரோடு நிற்க வேண்டும்.

பக்கத்தில் சிங்கப்பூரும் தன் தனிநபர் தரவுச் சட்டத்திலிருந்து பொதுத்துறையை விலக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனால் 2018இல் பொதுத்துறைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, குடிமக்கள் விவரத்தை அனுமதியின்றிக் கைமாற்றும் அதிகாரிக்கு 2 ஆண்டு வரை சிறை என்று எழுதிவைத்தது. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளத்தில் அடையாள எண்கள் முழுசாகத் தெரிந்தபோது, அமைச்சர்கள் சில நாட்களுக்குள் மக்கள் முன் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2021இல் ரேஷன் அட்டைத் தரவுகள், ஆதார் எண்ணோடு, ஏறத்தாழ 50 லட்சம் பேருடையவை கசிந்தன என்று பெங்களூரு நிறுவனம் ஒன்று வெளிப்படுத்தியது. இந்தியா 2023இல் கொண்டுவந்த தரவுச் சட்டத்திலும் அரசுக்கு விலக்குக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான், அதை அங்குள்ளவர்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கேகூட அரசு முதலில் சட்டத்துக்குள் வந்து, பிறகுதான் விலக்குக் கேட்க வேண்டும். இங்கே முதல் பக்கத்திலேயே வெளியே போய்விட்டது.

2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டத்தை நம்மிடம் காட்டுவார்கள். அது மத்திய அரசு முகவைகள் தங்களுக்குள் விவரங்களைப் பரிமாறிக்கொள்வதற்கான சட்டம். அரசாங்கத்துக்கு வசதி செய்யும் சட்டத்தை மக்களுக்குக் காவல் என்று காட்டி ஏமாற்ற வேண்டாம். 2024இன் இணையப் பாதுகாப்புச் சட்டமும் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டு, ஆனால் அவற்றின் மீது குற்றவழக்குப் போட முடியாது என்கிறது.

சரி, ஓட்டுப் போட்டுத் திருத்தலாமா என்றால் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. சட்டம் 171 அதை ஒரேயடியாகப் புதைத்தது. மன்ற உறுப்பினர்கள் மாநில அரசின் நியமனம். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை: தகவல் அறியும் உரிமைக்குச் சிலாங்கூரும் பினாங்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே மாநிலச் சட்டம் இயற்றின, பேராக் இயற்றவில்லை.

ஆகவே, நாடாளுமன்றம் திருத்தும் வரை காத்திருங்கள் என்ற சமாதானத்தை ஏற்க மாட்டோம். பேராக் அரசின் கையில் இன்றைக்கே ஓர் ஆயுதம் இருக்கிறது. சட்டம் 171இன் 9ஆவது பிரிவின்படி, ஊராட்சி மன்றங்கள் பின்பற்ற வேண்டிய கொள்கை குறித்து மாநில அரசு பொது உத்தரவு இடலாம். இட்டால் மன்றங்கள் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும். மந்திரி பெசார் டத்தோஸ்ரீ சாரானி முகமட் ஈப்போவில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். சட்டம் 709 தனியாரிடம் கேட்பதையெல்லாம் பேராக்கின் ஒவ்வொரு ஊராட்சி மன்றமும் செய்ய வேண்டும் என்ற உத்தரவு அது. பொதுப் பட்டியல் எதிலும் ஐசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வரக் கூடாது. ஐசி எண்ணை மட்டும் தட்டினால் ஒருவருடைய வரி பாக்கியும் முகவரியும் காட்டும் தேடுதல் எங்கும் இருக்கக் கூடாது. புகார்தாரர் பெயர் விசாரணை அதிகாரியைத் தாண்டிப் போகக் கூடாது, சொந்தக் கைப்பேசியில் படமெடுப்பது அறவே கூடாது. கசிவு ஏற்பட்டால் 72 மணி நேரத்தில் அறிவிப்பு, அதுவும் மலாயோடு தமிழிலும் சீனத்திலும். செயலி நடத்தும் நிறுவனத்தின் பெயரும், ஒப்பந்தத்தில் தரவு பற்றிய விதிகளும் பகிரங்கமாக வேண்டும். வயதானவர்களுக்குக் கவுண்டர் திறந்தே இருக்க வேண்டும்.

மத்திய அரசுக்கும் தப்பிக்க வழியில்லை. ஊராட்சித் துறை அமைச்சர் ஙா கோர் மிங் தெலுக் இந்தானின் நாடாளுமன்ற உறுப்பினர். ஹுத்தான் மெலிந்தாங் அடங்கிய பாகான் டத்தோ தொகுதியின் உறுப்பினர் துணைப் பிரதமர் டத்தோஸ்ரீ அகமட் ஸாஹிட் ஹமிடி. இந்த இரண்டு பெரிய நாற்காலிகளும் நம் வாசலில் இருக்கும்போது, குறை சொல்ல நாம் எங்கே போவது? ஊராட்சி மன்றங்கள் சட்டம் 709க்குள் வருமா, வராதா? இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லட்டும். வராது என்றால், 3ஆவது பிரிவைத் திருத்தும் மசோதாவை அடுத்த கூட்டத்தொடரில் வைக்கட்டும்.

தெலுக் இந்தான் நகராண்மைக் கழகத்துக்கு: எங்களிடமிருந்து என்னென்ன விவரங்கள் சேர்த்திருக்கிறீர்கள், யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள், இதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்று முழுக் கூட்டத்தில் எழுத்தில் வையுங்கள். சட்டம் 171இன் 23ஆவது பிரிவின்படி அந்தக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது; மூட வேண்டுமென்றால் தீர்மானம் போட்டுத்தான் மூட வேண்டும். எங்கள் நிருபர் அங்கே உட்கார்ந்திருப்பார். நிகழ்ச்சி நிரலில் இந்த விஷயம் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதுதான் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.